பத்தாயிரம் கோடிப் பேருக்கு ஓர் ஊதுபத்தி

கிகுயே,

புளித்த சோயா விழுதைக் கரைத்து மீசோ சூப் வைத்து அடுப்பில் இருக்கிறது, டோஃபுவும் போட்டிருக்கிறேன். ஆமாம், இன்றும் தளதளவென்று கொதிக்கத்தான் விட்டேன். அன்று இதற்குத்தான் "வயித்துக்கு நல்லது பண்ற கிருமியையெல்லாம் கொதிக்க வச்சுக் கொன்னுட்டீங்களே, பாவி மனுஷா!" என்று கத்திவிட்டு, மூன்று நாளாக நீ என்னிடம் பேசவில்லை.

என் வயிற்றுக்காக நீயே வாங்கி வந்த புது மீசோப் பொட்டலத்தை இன்று கண்ணாடி போட்டுப் படித்தேன். 'சூடாக்கிக் கொன்ற நல்ல கிருமிகள், பத்தாயிரம் கோடி. செத்தும் குடலுக்கு உதவும்' என்று போட்டிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், நாலு குறைகிறது.

பொட்டலம் பூஜை மாடத்தில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இத்தனை சாவுக்கு ஓர் ஊதுபத்தியாவது வேண்டாமா? எடுத்துவிடாதே.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் வயிற்றுச் சோதனையின் முடிவைச் சொல்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிறேன்.

பி.கு. காஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். அணைத்திருக்கிறேன்.

மறுபடியும் வந்தேன், குடை எடுக்க. மழை இல்லை.

இந்த முறை எதையும் மறக்கவில்லை. நீ எழுந்துவிட்டாயா என்று பார்க்கத்தான் வந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டாயிற்று, அடுத்தது ஒன்பது நாற்பதுக்கு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, கூட வந்து பக்கத்தில் உட்கார். செத்த கிருமியே உதவுகிறதாம்.