கண்ணாடித் துளிக்குள் தண்ணீர்

மார்ச் 3

மலையடி ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிப் பதினோரு நாள் ஆகிறது. முக்கியக் காரணம் நான் கொடுத்த எண்: 5.8 சதவீதம். எரிமலைச் சாம்பலில் கிடைத்த படிகத்துக்குள் கடுகில் பாதிகூட இல்லாத கண்ணாடித் துளி. அதில் அவ்வளவு தண்ணீர். கடல்தரை நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அது பிரிந்து மேலே இருக்கும் பாறையை உருக்குகிறது. அந்தக் குழம்பில் தண்ணீர் அதிகமென்றால் மலை சும்மா வழியாது, வெடிக்கும்.

ஆய்வகத்தில் மாதிரிகளை மெல்லிய சில்லாகத் தேய்த்துத் தரும் அக்காவும் தன் இரண்டு பெண்களோடு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். "பாறைக்குள்ள தண்ணி இருக்காம்! எங்க தெருக்குழாய்ல ஒரு சொட்டு வராது" என்றார். சிரித்தோம்.

மார்ச் 5

அறிக்கைக்காக, துளிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி எடுத்த வரைபடத்தை மறுபடி திறந்தேன். தண்ணீரைக் காட்டும் மேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருந்தேன். எல்லோரும் செய்வதுதான். வெட்டிய பகுதியில், பக்கத்திலேயே, இன்னொரு சின்ன மேடு.

அது பசை. தேய்க்கும்போது சில்லை ஒட்டவைக்கும் பசை. விரிசலில் தங்கினால் தண்ணீர்க் கணக்கையும் ஏற்றிவிடும்.

வரைபடத்தை மூடிவிட்டேன்.

மார்ச் 6

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 7

அக்காவிடம் மட்டும் கேட்டேன் — பசை கரைய, சில்லு அசிட்டோனில் எவ்வளவு நேரம் ஊறியது?

"ஒரு மணி நேரம். ரெண்டு நாள் ஊறணும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீதான் அவசரம்னு பிடுங்கிட்டுப் போன."

ஆமாம், நான்தான். அன்று எண்ணைக் கேட்டு ஆய்வக டைரக்டர் வாசலில் நின்றிருந்தார். மிச்சமிருந்த ஏழு சில்லுகளை இன்று ஊறப் போட்டோம்.

மார்ச் 8

குறைவாக வந்தால்? சொன்னால் ஜனங்களைத் திருப்பி அனுப்புவார்கள். போன பிறகு வெடித்தால்? பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியும் இல்லையே. அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை. நேற்று ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். ஐயோ, என்னடி பண்ணி வச்சிருக்க.

மார்ச் 9

ஏழு சில்லிலும் 2.4ஐ ஒட்டியே வருகிறது. பக்கத்து மேடு இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய எண்தான். ஆனால் குழம்பு மேலே வரும் வழியிலேயே துளியிலிருந்து தண்ணீர் கசிந்து போயிருக்கவும் கூடும். இது உத்தரவாதம் இல்லை. எல்லாவற்றையும் டைரக்டரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நிலநடுக்கம் அடங்கி ஒரு வாரமாச்சு. வாயுவும் குறைஞ்சிருச்சு. உன் எண்ணு ஒண்ணுதான்மா அவங்களப் பிடிச்சு வச்சிருந்துது" என்றார். அப்புறம், "இந்தத் தடவையாவது சரியா பாத்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மார்ச் 12

வீடு திரும்பலாம் என்று அறிவித்துவிட்டார்கள். அக்கா தேய்க்கும் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "உன் கணக்க நம்பி என் புள்ளைங்கள அங்க படுக்க வைக்கப் போறேன். நீ வந்து படுப்பியா?"



மார்ச் 13

மாட்டேன். என்னால் முடியாது.

மார்ச் 15

இதை அக்கா வீட்டு முன்னறையில் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் பெட்டியோடு வந்து நின்றேன். அக்கா ஒன்றும் கேட்காமல் இன்னொரு தலையணைக்கு உறை போட்டார்.

காலை எட்டு மணி. ஜன்னல் முழுக்க மலை. சின்னவள், "எத்தன நாள் இருப்பீங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். இப்போது தரை அதிர்ந்தது — லாரி. லாரிதான்.

வெளியே அக்கா குரல்: "குழாய்ல தண்ணி வருது, குடத்த எடுத்துட்டு ஓடி வா!"

போக வேண்டும்.