கரடிக்குட்டியின் காலுறை

என் பிடிவாதக்காரருக்கு,

நேற்று மீன்கடை கிட்டல் என்னைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். புரூக்ளினே நீங்கள் வரைந்த கரடிக்குட்டிக்காக வரிசையில் நிற்கிறது. திரையில் வழக்கம்போல முதலாளியின் பெயர் மட்டும்தான். இருக்கட்டும். மற்றவர்களின் கார்ட்டூன் மிருகங்கள் அடி வாங்கும், விழும். உங்களுடையது மட்டும்தான் விழுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறது. வெறும் கோட்டை யோசிக்க வைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று ஒற்றைக்காலில் நின்று, நழுவிய காலுறையை இழுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது.

"அடியே, உன் ரைசல் இப்படித்தானே நிப்பா!" என்ற கிட்டல் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ இடது கையாலதானே இழுப்பா? இது வலது கையால இழுக்குதே," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எதையும் கண்ணாடி முன்னால் நடித்துப் பார்த்துத்தானே வரைவீர்கள்? கலிஃபோர்னியாவில் ஏதோ ஓர் அறையில், அந்தத் தொப்பையோடு, ஒற்றைக்காலில் நின்று நம் மகளாகியிருக்கிறீர்கள். கண்ணாடி கையை மாற்றிவிட்டது.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளை அடக்கம் செய்த பிறகு இதுதான் முதல் தடவை.

நம் யூத வழக்கப்படி துக்க வாரத்துக்காக வீட்டுக் கண்ணாடியில் போர்த்திய துணியை, வாரம் முடிந்தும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்க முடியாமல் நீங்கள் கிளம்பிப் போய்விட்டீர்கள். இன்று காலை அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த படத்தை இதன் முன்னால் நின்று வரையுங்கள். கை மாறினால் சொல்ல நான் இருக்கிறேன்.

உங்கள் மனைவி