உன் படம் மாட்டும் சுவர் இன்னும் காயவில்லை

மச்சான்,

போன வாரம் உன் வீட்டு முன்னறைச் சுவர்க் காகிதத்தைக் கிழித்தேன். அன்று போட்டிருந்த சட்டையைத் திரும்பத் திரும்பத் துவைத்தாயிற்று, வாடை போகவில்லை. ஊறிப்போன பசையும் பூஞ்சணமும் நெடுநாள் மூடிக் கிடந்த சாந்தும் கலந்த அந்தப் புளித்த வாடை உனக்கும் தெரிந்ததுதான். நுவரெலியாவில் இந்த மழைக்குத் துணி எங்கே காய்கிறது? கொடியில் தொங்கிக்கொண்டே நாறுகிறது. அதைப் பார்க்கப் பார்க்க உன்னிடம் பேசவேண்டும் போலிருக்கிறது. செத்துப்போனதோடு நமக்குள் பேச்சு முடிந்தது என்று நினைத்திருந்தால் உன் கணக்குத் தப்பு. எனக்கு இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது.

நாம் உறவுக்காரர்கள் இல்லை. இறம்பொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்ததால் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். டவுனுக்கு வந்து நீ பெயின்ட் கடையில் நின்றாய், நான் தச்சு வேலைக்குப் போனேன். ஹோட்டல்காரர்களுக்குச் சுவரில் ஒட்டும் வினைல் வோல்பேப்பர் ஆசை பிடித்த காலத்தில் இரண்டு பேருமாக அந்த வேலையில் இறங்கினோம். சொல்லித்தர ஆள் கிடையாது. ஒட்டிக் கெடுத்து, உரித்து, மறுபடி ஒட்டித்தான் படித்தோம். பூவுக்குப் பூ பொருந்த, மூட்டுத் தெரியாமல் ஒட்டுவதில் உனக்கு ஈடான ஆள் இந்த மலையில் இருந்ததில்லை. பழி தீர்க்க உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக உள்ளதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

சுவரைத் தயார் பண்ணுவதும் பசை கலப்பதும் என் வேலை. அளந்து வெட்டி ஒட்டுவது உன் வேலை. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். அந்தப் பிரிப்பே பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

வினைல் பார்க்கக் காகிதம், உண்மையில் பிளாஸ்டிக். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் நம் அம்மாமார் உடம்பில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு போவார்களே, மழையில் நனையாமல் தங்கள் வேர்வையில் நனைந்து திரும்புவார்களே, அதே கதைதான் சுவருக்கும். நம்மூர் வெளிச்சுவர் மழையையும் பனியையும் குடித்துக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டுக் காய்ந்துவிடும். அதன்மேல் வினைலை ஒட்டினால் குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை எட்டிப் பார்க்கும், பிறகு கறுப்பு வரும். அதனால்தான் நான் ஒரு சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி மறுநாள் வரை விட்டுவைப்பேன். துண்டின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, ஒட்டக்கூடாது.

உனக்கு அந்தத் துண்டைக் கண்டாலே ஆகாது. உள்ளங்கையை அகல விரித்துச் சுவரில் வைப்பாய், கண்ணை மூடுவாய், நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டுவாய். “என் கை பொய் சொல்லாதுடா” என்பாய். இந்தக் குளிரில் எல்லாச் சுவரும் சில்லென்றுதான் இருக்கும். குளிர் எது, ஈரம் எது என்று எந்தக் கைக்குத் தெரியும்? கேட்டால் சிரிப்பாய். உன் சிரிப்பில் எல்லாரும் மயங்குவார்கள், நானும்தான் மயங்கிக் கிடந்தேன்.

வாவிப் பக்கத்து ஹோட்டலின் மாடி மூலையறை ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் சீசன் நெருங்கிவிட்டது. கூரைத் தண்ணீரை இறக்கும் பீலி உடைந்து தண்ணீரெல்லாம் அந்த அறையின் வெளிச்சுவரில் வழிந்துகொண்டிருந்தது. நான் ஒட்டிய துண்டின் உள்பக்கம் காலையில் முத்து முத்தாகத் துளி.

“மச்சான், பாரு. பீலியைச் சரிபண்ணி, சுவத்தக் காயவிட்டு, பெறகுதான் இதுல கை வைக்கணும்.”

“சீசனுக்கு ஆள் வர்ற நேரத்துல பீலிங்கிற! ஹோட்டல் மாத்தயா ரூமக் கேட்டு நிக்கிறாரு. காயவைக்க எனக்குத் தெரியும், நீ போய்ப் பசையக் கலக்கு.”

ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடி, உள்ளே கேஸ் ஹீட்டரை நாள் முழுக்க எரியவிட்டாய். கேஸ் எரிந்தால் அதிலிருந்தும் நீராவிதான் வரும். ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. நீ அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, சூடேறியிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாய். “சுட்ட ரொட்டி மாதிரி இருக்குடா” என்றாய். பிறகு என் துண்டை டேப்போடு பிய்த்துக் கசக்கி என் சட்டைப் பையில் திணித்தாய். “இந்தா ஒன் பொலித்தீன், வீட்டுக்குக் கொண்டுபோ.” மறுநாள் சாயந்தரத்துக்குள் அந்தச் சுவர் நிறைய நீலப் பூ பூத்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்கு மூட்டெல்லாம் வாயைப் பிளந்தது. அறையில் தங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு அறை கேட்டார்கள். முதலாளி மாத்தயா நம் இரண்டு பேரையும் கீழே வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். திரைச்சீலைக்காரர், கரண்ட் வேலை பார்க்கும் சந்திரன், சாமான் இறக்க வந்த கடைத்தெரு ஆட்கள், எல்லாரும் நின்றார்கள். நான் பீலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். பசை கலப்பவன் இவன், தண்ணீரைக் கூட்டிவிட்டான், அதனால்தான் அழுகிவிட்டது என்று மாத்தயாவிடம் சிங்களத்தில் சொன்னாய். அதோடு விட்டாயா? நின்றவர்கள் பக்கம் திரும்பி, “தண்ணிப் பசையா கலக்கிட்டான், நான் என்னா செய்ய?” என்று தமிழிலும் சொன்னாய். ஒருவரும் விட்டுப்போய்விடக்கூடாது என்று உனக்கு அவ்வளவு அக்கறை.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அதையும் நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து கடைத்தெருவில் என் பேர் தண்ணிப்பசை. டீக்கடையில், மார்க்கட்டில், ஆட்டோ ஸ்டாண்டில், எங்கே போனாலும் அதே பேர். நீ ஹோட்டல் ஹோட்டலாகப் பூ ஒட்டினாய். நான் அந்தப் பேர் வந்து சேராத ஊர்களைத் தேடி பொல்பிட்டிய வரைக்கும் பஸ் ஏறினேன். மகளைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து வந்தவர்களுக்குக் கடைத்தெருவில் வழி சொன்னவன், “தண்ணிப்பசை வீடா? அந்த மேட்டுல ஏறுங்க” என்றிருக்கிறான். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னார்கள். மகள் தேநீர்த் தட்டோடு நின்றாள். தட்டை அப்படியே உள்ளே திருப்பிக் கொண்டுபோனாள். அன்றைக்குத்தான் உன்னை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். என்றாவது ஒருநாள், அதே ஆட்கள் முன்னால், உன் வாயாலேயே அந்தப் பேரைக் கழற்றவைக்க வேண்டும்.

நீ என்ன செய்தாய்? நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். அதிலும் முந்திக்கொண்டாய். செத்த வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் உன் வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

கருமாதிக்குச் சில நாள் முன்னால் உன் மனைவி ராஜேஸ்வரி போன் பண்ணினாள்.

“அண்ணே, முன்ரூம் சுவத்துல வோல்பேப்பர் உப்பிக்கிட்டு நிக்கிது. அவரு படத்த அங்கதான் மாட்டணும். மேல ஒரு பீஸ் ஒட்டிக் குடுத்தாப் போதும்.”

போய்ப் பார்த்தேன். நீ ஆசையாக ஒட்டிய பச்சைக் கொடி போட்ட வினைல். விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர்ப் பை போல நகர்ந்தது. ராஜேஸ்வரி பேசுவதற்கு நடுவே இருமிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டபடி மேலே ஒரு வினைல் துண்டை ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். அடுத்த மழைக்குள் பூஞ்சணம் படச் சட்டத்துக்குள் ஏறி உன் முகத்தைத் தின்றிருக்கும். அந்த நினைப்பு எனக்கு இனித்தது, மறைக்கவில்லை. ஆனால் அது மெதுவாக, யாரும் பார்க்காமல் நடக்கும். எனக்கு ஆட்கள் பார்க்கவேண்டும். “இன்னைக்கு ஏலாது தங்கச்சி, கருமாதிக்கு மொத நாள் வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க மறுநாள் சமையலுக்குக் காய்கறி வெட்ட உன் வீட்டில் கூடும் என்று எனக்குத் தெரியும்.

நினைத்தபடியே மழை. எல்லாரும் முன்னறையிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்து கரட்டும் லீக்ஸும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சந்திரன் இருந்தான், திரைச்சீலைக்காரர் இருந்தார். “வாங்க தண்ணிப்பசை” என்று யாரோ சொன்னார்கள். நான் ஏணியில் ஏறி, மேல் மூலையில் கத்தியை வைத்து, ஒரு முழுப் பட்டையைக் கூரையிலிருந்து தரைவரை ஒரே இழுப்பில் உரித்தேன்.

சுவர் கறுப்பாக இருந்தது. கொஞ்சம் நஞ்சமில்லை, ஆள் உயரத்துக்குக் கறுப்பு. வாடை அறையை நிறைத்தது. காய்கறி வெட்டிய கைகளெல்லாம் நின்றன.

“இத யாரு ஒட்டுனது தங்கச்சி?” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

“அவருதாண்ணே. வேற யாரையும் தொடவிட மாட்டாரே.”

“பசை கலக்குனது?”

“அதுவும் அவருதான்.”

சந்திரன் கையிலிருந்த கரட்டைக் கீழே வைத்தான். திரைச்சீலைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். “அப்ப அந்த ஹோட்டல் ரூமும்...” என்று யாரோ ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்கள். முடிக்கவேண்டியதில்லை. அந்த நிமிஷம் எப்படியிருந்தது என்று கேட்கிறாயா? தேன் குடித்த மாதிரி இருந்தது மச்சான். உன் வீட்டில், உன் ஆட்கள் முன்னால், உன் கை வேலையே எனக்காகப் பேசியது.

அதோடு இறங்கி வந்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அடுத்த பட்டையையும் இழுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், கறுப்புக்கு நடுவே, சாந்தில் ஒரு சதுரம் தெரிந்தது. நாலு பக்கமும் டேப்பின் கோந்து ஒட்டியிருந்த தடம். என் பொலித்தீன் துண்டின் அளவு.

ராஜேஸ்வரியும் பார்த்தாள். “ஒங்கள மாதிரித்தாண்ணே ஒட்டிப் பாப்பாரு. போற எடமெல்லாம் அப்புடித்தானாம். இந்தச் சுவத்துலயும் தண்ணி நின்னிச்சு. மகளோட சடங்குக்கு ஆளுங்க வர்றாங்கன்னு அப்புடியே ஒட்டிட்டாரு.”

உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஹோட்டல் அறைக்குப் பிறகு நீ உன் கையை நம்பவில்லை, என் துண்டைத்தான் நம்பியிருக்கிறாய். யாருக்கும் தெரியாமல் என் வேலையைச் செய்துகொண்டே, கடைத்தெருவில் என்னைத் தண்ணிப்பசை என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறாய். பயத்தில் சொன்ன பொய்யை நான் என்றாவது விட்டிருப்பேன். மாத்தயாவின் முன்னால் யாருக்குத்தான் நாக்குக் குழறாது? ஆனால் இத்தனை வருஷம் தெரிந்தே பேசாமல் இருந்தாயே, அதை விடமாட்டேன். டீக்கடையில் ஒரு வார்த்தை, “அவன் பசை சரிதான்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் மடியில் கிடந்து அழுதிருப்பேனடா.

ஆட்கள் கலைந்த பிறகு ராஜேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். “இதுக்காகத்தான் இன்னைக்குன்னு பாத்து வந்தீங்களாண்ணே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சுவரில் தொங்கிய கிழிசலைப் பிய்த்துத் தரையில் போட்டாள். “சரி. கிழிச்சது நீங்க, முழுசா முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். அந்த வீட்டில் நேராகப் பேசத் தெரிந்தவள் அவள்தான்.

அதனால் முடித்துக்கொண்டிருக்கிறேன். மிச்சத்தையும் உரித்து, பூஞ்சண மருந்து போட்டுக் கழுவி, வெளியே பீலியை மாற்றி, விரிசலைப் பூசியாயிற்று. அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். இந்தச் சுவருக்கு இனி வினைல் கிடையாது, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சுத்தான். அதுவும் சுவர் காய்ந்த பிறகு. அதுவரை படம் மாட்ட முடியாது என்று ராஜேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன்.

உன் படம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல், மாலையோடு. இந்த ஈரச் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தது நான்தான். உன் கண்ணுக்கு நேரே, அந்தப் பழைய தடத்தின் மேலேயே, புதுப் பொலித்தீன் துண்டு ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். சந்திரன் அவர்களுக்கு விளக்கம் சொல்கிறான், என் பேரைச் சரியாகச் சொல்லி.

நேற்றுத் துண்டைப் பார்க்கப் போனேன். குனிவதற்கு முன்னால் என் வலது கை தானாக விரிந்து சுவரில் போய் நின்றது. கண்ணும் மூடிக்கொண்டது. பின்னால் நின்ற ராஜேஸ்வரி, “அவரு நிக்கிற மாதிரியே இருக்குண்ணே” என்றாள். எப்போதிருந்து இப்படி நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் துண்டை நீ எடுத்துக்கொண்டாய், உன் கையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வெட்டி எறியவும் முடியாது.

கை, காய்ந்துவிட்டது என்றது. பொலித்தீனின் உள்பக்கம் இன்னும் துளி நிற்கிறது. நீ ஸ்டூலிலேயே இரு.