சோமு கடை வாளி

14.5.1961, ஞாயிறு, சிங்கப்பூர்

எழுதக் கற்ற ஆனந்தத்தில் தினமும் எழுதுகிறேன். இன்று எழுத வேண்டியது அசிங்கம்.

மனைவி வள்ளி வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பச்சைக் கோழியின் கிருமி ஏதோ சாப்பாட்டில் ஒட்டியிருக்கும் என்றார் டாக்டர். நேராக, நேற்று அவள் சாப்பிட்ட, தேக்கா சந்தையில் இருக்கும் சோமுவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கோழியை அலசிய வாளியிலேயே பச்சடிக்கான வெள்ளரிக்காயை முக்கி எடுத்தான். தண்ணீரில் சவ்வும் இறகும் மிதந்தன.

"என்னடா கருமம் இது?"

"தண்ணி கொஞ்சம் சிவப்பு, அவ்ளோதான் லா. வெள்ளரிக்காய வேகவச்சா போடச் சொல்ற?"

வாளியைக் காலால் கவிழ்த்தேன். நாற்றம் செருப்போடு ஆஸ்பத்திரிவரை வந்தது. அங்கே வள்ளி எழுந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் வந்தது எனக்கு.

"பசிக்குதுங்க. சோமு அண்ணன் கடைப் பச்சடி வாங்கிட்டு வரீங்களா?" என்றாள்.

குமட்டலோடு சிரித்துவிட்டேன்.