டம்ளரில் இருந்த பாக்கியம் சித்தி

சண்டைக்கும் சந்தைக்கும் என்னோடு கூடவே வந்த ராக்கு மதினிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. போன இடத்தில் பழைய பாத்திரக் கடை இருக்கிறதா? இருந்தால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடி, கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று நாலு எட்டு நடந்து, அவராகக் கூப்பிடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள்.

இங்கே சேதி இதுதான். நம் மகள் ஈஸ்வரிக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை கப்பலூரில் லேத் ஓட்டுகிறார், என் வீட்டுக்காரர், அதான் உங்கள் தம்பி, வேலை பார்க்கிற பட்டறைக்கு அடுத்த பட்டறை. வீடு திருமங்கலத்தில். தகப்பனார் இல்லை, அம்மா மட்டும்தான். வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட வருகிறார்கள்.

சந்தோஷமான சேதிதானே, இவள் ஏன் இப்படி எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை மதினி. கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயம். எல்லாம் உங்களால்தான். உங்களாலும் பாக்கியத்தாலும்.

பாக்கியம் யாரென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோரிப்பாளையத்து பாய் கடையில் நீங்கள் தட்டித் தட்டி எடுத்த பித்தளை டம்ளரும் டவராவும். ஊரே எவர்சில்வர் மோகத்தில் பித்தளையை மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் போட்ட காலம். நமக்குக் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடப்போம். நம் தலையைக் கண்டதுமே பாய் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

"வந்துட்டீங்களாம்மா ரெண்டு பேரும்? மெதுவாத் தட்டுங்க. பாத்திரம் தாங்கும், என் மனசு தாங்காது."

"ஏன் பாய், உள்ள விரிசல் இருக்கோ?" என்பீர்கள் நீங்கள்.

"எதுல கேக்குறீங்க, பாத்திரத்துலயா மனசுலயா?"

"ரெண்டையுந்தான். ரெண்டுக்கும் சேத்துக் கொறச்சுக் குடுங்க."

டங் என்று நீளமாகப் பாடினால் நல்லது, டொக் என்று நின்றால் பற்றவைத்தது. அதை நீங்கள் காட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருப்பதில்லை, பக்கத்து வீட்டில் மோர் கொடுத்தால்கூட டம்ளரைத் தட்டிவிட்டுத்தான் குடிக்கிறேன். அப்படி எட்டு வருஷத்தில் ஈஸ்வரிக்கு ஒரு சீரே சேர்த்துவிட்டோம். அண்டா, தவலை, குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு. புளி போட்டுத் தேய்த்து ஈயம் பூசி வைத்தால் எந்தப் புதுப் பாத்திரம் பக்கத்தில் நிற்க முடியும்? வீட்டில் மற்றதும் அப்படித்தானே. பட்டறைக்கு மிஷின் வந்த மரப்பெட்டியில் கட்டில். உங்கள் தம்பியின் பழைய காக்கிப் பேண்டில் சந்தைப் பை, இரண்டு காலுக்கு இரண்டு பை. புதுசு வாங்கினால் ஒரு நாள்தான் சந்தோஷம். பழசைத் தேற்றி எடுத்தால் பார்க்கிற நாளெல்லாம் சந்தோஷம்.

ஒரே ஒரு சங்கடம், பேர். கல்யாணத்துக்கு யாரோ ஆசையாகப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள். அழித்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு நீங்கள் எப்படிப் பாய்ந்தீர்கள்.

"விக்கும்போது அவளே அழிக்கல. நீ யாருடி அழிக்க? அவ வீட்ட விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. வந்தவள முறை வச்சுக் கூப்புடு."

முறை வைத்தே கூப்பிட்டோம். அண்டா கமலா அக்கா ஆனாள். மூன்று பேர் வெட்டியிருந்த தவலைக்குக் கூட்டுக் குடும்பம் என்று பெயர் வைத்தேன் நான். விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கிற டம்ளர் பாக்கியம் சித்தி. "கமலாக்காவுக்கு வயிறு நெறையத் தண்ணி ஊத்து", "சித்தியக் கவுத்து வை, ஈரம் வடியட்டும்" என்று நாம் பேசுவதைக் கேட்டுப் புது ஆள் யாராவது ஓடியே போயிருப்பார்கள். அந்தக் கேலிதான் இப்போது என் கழுத்தில் வந்து நிற்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மாவுக்குப் பாக்கியத்தில்தான் காப்பி கொடுத்தேன். அந்த அம்மா சிரிக்காத முகம். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்காமல் திருப்பிப் பார்த்தார்.

"கா. பாக்கியம்னு இருக்கே. யாரு இது?"

பழக்கதோஷம் மதினி. யோசிக்கவே இல்லை. "எங்க சித்தி" என்றேன்.

"எந்த ஊரு?"

"மேலூருப் பக்கம்."

"இருக்காகளா?"

அந்த இடத்தில் 'போய்ச் சேர்ந்துட்டாக' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வாய் வரவில்லை. உங்களைத் தூக்கிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொருத்தியை என் வாயால் எப்படிச் சாகடிப்பேன்? "இருக்காக, நல்லா இருக்காக" என்றேன். சித்தப்பா? அவரும் இருக்கிறார் என்றேன். இருக்கட்டுமே, ஒண்டியாக விடுவானேன்?

"அப்பச் சரி" என்றார் சம்பந்தியம்மா. "நாத்தனாரும் போயிட்டாகன்னாங்க, உங்க பக்கம் பெரிய மனுசி யாருமில்லையேன்னு யோசிச்சேன். பரிசத்தன்னைக்கு அந்தச் சித்தியவே தட்டு வாங்கச் சொல்லுங்க. அவுகளுக்கும் ஒரு சேலை எடுத்துர்றேன்."

அடுப்படியில் ஈஸ்வரி எதையோ கீழே போட்டாள். டங் என்று நீளமாகக் கேட்டது. நல்ல பாத்திரம்தான்.

அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஈஸ்வரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"காளவாசல்ல இட்லி விக்கிற ஆச்சி இருக்கில்ல, அதக் கூட்டியாந்து உக்கார வச்சிரும்மா. எல்லாத்தையும் செகண்ட் ஹேண்டுல எடுத்தோம், சித்தியையும் அப்படியே எடுத்துருவோம்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே போய் அந்த ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "வாரேன், ஆனா பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன், யாரும் கேட்டா இட்லிக்காரின்னுதான் சொல்லுவேன்" என்றது கிழவி. என்னைவிட யோக்கியமானது.

உங்கள் தம்பிக்கோ கோபம். "மதினியும் நாத்தனாருமாச் சேந்து பாத்திரத்துக்கெல்லாம் மொறை வச்சீங்கள்ல, இப்ப அனுபவி. அந்தம்மா கேட்டுத் துருவி, இது எவ வீட்டுலயோ நொடிச்சுப்போயி வித்த பாத்திரம்னு தெரிஞ்சா, அந்தச் சீரப் படியேத்துவாகளா? எழவு வீட்டுச் சாமானான்னு கேப்பாக. அம்புட்டையும் மூட்டையக் கட்டு. பட்டறையில கிரைண்டிங் மிஷின்ல போட்டுப் பேர வழிச்சிர்றேன். சித்தி செத்துட்டாகன்னு சொல்லிக்குவோம்."

அவர் சொன்னதில் கோபம் இருந்தாலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. நாம் எத்தனை தரம் அதைத் தட்டிப் பார்த்திருப்போம், ஓட்டை இருக்கிறதா என்று. எந்த வீட்டிலிருந்து வந்தது, எதனால் வந்தது என்று ஒரு தரமாவது கேட்டோமா? நீங்களாவது கேட்டீர்களா? கேட்டும் என்னிடம் சொல்லாமல் விட்டீர்களா?

மறுநாள் காலையில் சாக்கை சைக்கிளில் வைத்துக் கட்டிவிட்டார். கூட்டுக் குடும்பம் அடியில், பாக்கியம் மேலே. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் நகரும்போது உள்ளே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் உங்கள் கை தட்டுகிற மாதிரியே இருந்தது. தெருமுனை வரைக்கும் ஓடினேன் மதினி, இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு. சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, பாக்கியத்தை மட்டும் உருவிக்கொண்டேன். "மத்தத அந்தியில பாத்துக்கலாம், எறக்கி வைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

டம்ளரைப் பேண்டுப் பையில் போட்டுக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன பேசத் தெரியும்? கப்பலூர் தாண்டியபோது, பேசாமல் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு டம்ளருக்காக மகள் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறோமோ என்று பயம் வந்தது. நீங்கள் இருந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே வந்திருப்பீர்கள்.

சம்பந்தியம்மா முற்றத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பரிசத்துக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவள் தனியாக வந்தால் யாருக்குத்தான் பதறாது?

"என்ன சம்பந்தி, யாருக்கும் உடம்புக்கு எதுவுமா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். பாக்கியம் சித்தியப் பத்திப் பேச வந்தேன்" என்று டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சித்தி இதுதான். வேற யாரும் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கடை, நீங்கள், எட்டு வருஷம், அண்டா, தவலை, நம் கேலி, என் பொய். ஈஸ்வரியின் சீர் முழுவதும் அடுத்தவர் பேர் போட்டதுதான் என்பதையும் சொன்னேன். "எங்களால ஆனது இம்புட்டுத்தான். அதுவும் எம் மதினி தட்டித் தட்டிப் பாத்து எடுத்தது. புடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. வெள்ளிக்கெழமை சபையில வச்சுச் சொல்லிராதீங்க."

அந்த அம்மா டம்ளரை வெயிலில் சாய்த்துப் பிடித்து அந்தப் புள்ளி எழுத்தை விரலால் தடவினார். வத்தலில் காக்கா உட்கார்ந்தது, விரட்டவில்லை. சிரிக்காத முகத்தில் எதைப் படிப்பது?

"பேர அழிக்கச் சொல்லி யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னாக. எம் மதினி விட மாட்டாக."

"எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருந்தப்ப எஞ் சீரு அம்புட்டையும் கொண்டுபோயித்தான் போட்டேன்" என்றார். "அதே ஆத்துக்கு அங்கிட்டுத்தான், எந்தக் கடைன்னு நெனப்பில்ல. எடை போடுறப்ப அந்தக் கடைக்காரரு கேட்டாரு, பேர வழிச்சுத் தரவாம்மான்னு. வேணாம்னுட்டேன். எம் பேரும் எங்கயோ ஒரு வீட்டு அடுப்புல இருக்கும். அங்கயும் என்னைய யாராச்சும் சித்தின்னு கூப்புடுறாகளோ என்னமோ."

சொல்லிவிட்டு முந்தானையால் டம்ளரைத் துடைத்து என் பையில் வைத்தார். கல்யாணத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தார். படியில் கால் வைத்த பிறகுதான் சொன்னார்:

"வெள்ளிக்கெழம எனக்குப் பாக்கியத்துலயே காப்பி குடுங்க. சீனி கம்மியா."

பஸ் கிளம்பிப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, பர்ஸத் தொலச்சிட்டீகளா?" என்று கேட்டாள். "இல்ல தாயி, ஒரு சித்திய மீட்டுக்கிட்டு வாரேன்" என்றேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

இன்னும் பயம் முழுசாகப் போகவில்லை மதினி. மாப்பிள்ளையின் பெரியப்பா வருவார், அவர் டம்ளரைத் திருப்பிப் பார்க்கிற ஆள் என்று கேள்வி. தட்டு வாங்க யாரை நிறுத்துவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. அந்த இடத்தில் நீங்கள் அல்லவா நிற்கவேண்டும்?

மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் நேற்று மறுபடி தேய்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். இந்த வீட்டில் யார் யார் பேரோ இருக்கிறது, உங்கள் பேர் எதிலும் இல்லை. உங்கள் சீரெல்லாம் உங்கள் மாமியார் வீட்டிலேயே நின்றுபோனது. ஒரு பையோடுதான் தம்பி வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு பாத்திரத்திலாவது பேர் வெட்டுவோம் என்று நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "எனக்கெதுக்கு? நாந்தான் முழுசா இருக்கேன்ல. கூப்புட்டா வர மாட்டேனா?"

இப்போது கூப்பிட்டால் வருவதில்லை. அதனால் உங்களைக் கேட்காமலே செய்யப் போகிறேன். கமலாக்காவின் பேருக்குக் கீழே 'ராக்கு' என்று வெட்டி, அந்த அண்டாவை ஈஸ்வரியோடு அனுப்புவேன். ஒரு காலத்தில் அது எந்த வீட்டுக்கு எப்படிப் போனாலும் போகட்டும். யாரோ ஒருத்தி யார் இந்த ராக்கு என்று கேட்கட்டும். அந்த வீட்டுக்காரி வாய் கூசாமல், எங்க அத்தை, நல்லா இருக்காக என்று சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை காப்பியை நானே ஆற்றிக் கொடுப்பேன், கை நடுங்காமல் கொடுப்பேன். இது உங்களுக்குச் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தனியாகப் பாலம் தாண்டுகிற
பஞ்சவர்ணம்