பாறையின் இடது கண்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. பாறைக்கும் நெட்டையனுக்கும் மறுபோட்டி, இந்த மாதக் கடைசி ஞாயிறு. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம்; பெயர்கள் இரண்டும் நாங்கள் வைத்தவை. கேன்டீனில் இனி ஒருவன் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

போன வருடம் பாறைதான் ஜெயித்தான், ஆனால் இடது கண் போய்விட்டது. அறுவைச் சிகிச்சை செய்து சரியாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். "கண்ணு சரியாச்சா இல்லையா" என்பதுதான் இப்போது எங்கள் கிடங்கின் தலையாய பிரச்சினை. கேன்டீன்காரரும் நானும் பாறை கட்சி. எடைமேடைக்காரரும் என் மச்சினனும் நெட்டையன் கட்சி. மச்சினன் என் மனைவியின் தம்பி. நான்தான் பேசி அவனை இங்கே சுமை ஏற்றும் பிரிவில் சேர்த்துவிட்டேன். சாப்பிடுவது என் வீட்டில், கட்சி எதிர்க்கட்சி!

எங்கள் கேன்டீனில் ஒரு சட்டம் உண்டு. வாயால் சொன்னால் செல்லாது. இந்தக் குத்து விழும், விழாது என்று சொல்பவன் எழுந்து நின்று எதிராளி மேல் மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். இன்று எடைமேடைக்காரர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நெட்டையனாக நடித்ததில் ஒரு டீ கிளாஸ் காலி.

மார்ச் 6, வெள்ளி

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு பன்னெண்டு ரவுண்டு நிக்க முடியுமா மாமா?" என்று மச்சினன் எல்லார் முன்னாலும் கேட்டான். முடியும் என்றேன். கழுத்து பழகிக்கொள்ளும், கண் விட்டதைக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேன்டீன்காரர் கேட்டார். படித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

படிக்கவில்லை. மழைக்காலத்திலிருந்து எனக்கே இடது கண்ணின் ஓரம் தெரியவில்லை. திரையை அரைவாசி இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இது மச்சினன் ஒருவனுக்குத்தான் தெரியும். உடை மாற்றும் அறையில் வைத்துச் சொன்னேன். "என் உயிரே போனாலும் வெளிய வராது மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அப்புறம் என்னை வண்டி ஓட்ட விடமாட்டாள்.

வெளியே தெரிந்தால் நான் பெட்டி தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்டைப் பிடுங்கிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த வண்டிதான் நான். அதை விட்டால் எனக்கு என்ன தெரியும்? கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு பெட்டியில்கூட உரசல் இல்லை.

மார்ச் 11, புதன்

பாறையின் பயிற்சி வீடியோவை எல்லாரும் போனில் பார்த்தோம். நிமிடத்துக்கு நாலு தரம் தலையை இடப்பக்கம் திருப்புகிறான். "ஸ்டைலு" என்றார் கேன்டீன்காரர். ஸ்டைலாம்.

மார்ச் 12, வியாழன்

எழுதினாலாவது ஆத்திரம் அடங்குமா பார்க்கிறேன்.

மதிய இடைவேளை. அதே சண்டை. நெட்டையனின் வலது கை வீச்சு பாறையின் இடது காதோரம் வரும், அவனுக்குத் தெரியாது என்றான் மச்சினன். தெரியும் என்றேன். "அப்ப எந்திரிங்க மாமா, காட்டுறேன்." எழுந்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்கள். சூப்பர்வைசரும் டீயோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"நேரா என்னப் பாருங்க. கழுத்து திரும்பக் கூடாது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விளையாட்டு என்று நினைத்து நின்றேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

"கை எங்க இருக்கு மாமா?"

"இன்னும் நீ எடுக்கவே இல்லையேடா."

யாரும் சிரிக்கவில்லை. திரும்பினேன். அவன் முஷ்டி என் கன்னத்துக்குப் பக்கத்தில், முடி உரசுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ. சூப்பர்வைசர் கிளாஸைக் கீழே வைத்தார். "வண்டிச் சாவியக் குடுங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

பாவி. என் உப்பைத் தின்றுவிட்டு... பொய் சொல்லியிருக்கலாமே நான். "இதோ இங்க இருக்கு" என்று குத்துமதிப்பாகக் கையைக் காட்டியிருக்கலாமே. அதுகூடத் தோன்றாத அளவுக்கு அவனை நம்பியிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

கம்பெனி டாக்டர் பார்த்தார். இனி வண்டி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அதுவரை வாசல் பக்கம் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. நாள் முழுக்க ஒட்டினேன். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

என் வண்டியை மச்சினனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்.

மார்ச் 17, செவ்வாய்

எடைமேடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏதோ வாக்குவாதத்துல வேகமாயிட்டான்பா. மனசுல வச்சுக்காத" என்றார். வாய் தவறியது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாருக்கும் வாய் தவறும். இவனுக்குக் கை தவறுமோ? அதுவும் அவ்வளவு நிதானமாக?

மச்சினன் இரண்டு தரம் என்னை நோக்கி வந்தான். இரண்டு தரமும் லேபிள் எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை. வராமலிருப்பதே நல்லது. வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

இன்று வெடித்துவிட்டேன். மனைவி தன் தம்பிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முதுகுல குத்தினவனுக்குச் சோறு வேறயா?"

அவள் கையை நிறுத்தவில்லை. "குத்தச் சொன்னதே நான்தான்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்ன வாரமே அவன் அக்காவிடம் வந்து கொட்டிவிட்டானாம். "சூப்பர்வைசர்கிட்ட தனியாப் போய்ச் சொல்லுடான்னுதான் சொன்னேன். அவனுக்கு வாய் வரல. 'நான் எப்படிக்கா காட்டிக் குடுப்பேன்'னு அழுதான். கடைசில எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணித் தொலைச்சிருக்கான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வண்டிய விட்டு எறங்கியிருப்பீங்களா?"

அவள் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

"போன மாசம் அவன் கால ஒட்டி வண்டி வந்துச்சாம். பெட்டி மேல தாவித்தான் தப்பிச்சானாம். நீங்க பாக்கக்கூட இல்ல, நேரா ஓட்டிட்டுப் போயிட்டீங்களாம். உங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னானா?"

சொல்லவில்லை. நான் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன். பாட்டுகூடப் பாடிக்கொண்டிருந்திருப்பேன்.

இத்தனை மாதமாக எனக்குத் தட்டு, தண்ணீர் எல்லாம் வலப்பக்கமே வைக்கிறாளாம். தெருவில் இடப்பக்கம் வந்து நடக்கிறாளாம். நான் ஒன்றையும் கவனித்ததில்லை. அக்காவும் தம்பியும் என்னைச் சுற்றி இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், என்னை மட்டும் கேட்கவில்லை. அவன்மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருந்தது எவ்வளவோ சுலபம். இப்போது வீட்டுக்குள்ளும் போக இடமில்லை. அவர்கள் செய்தது சரியாகவே இருக்கட்டும். எனக்கு வலிக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 29, ஞாயிறு

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல் என்று கேன்டீன்காரர் வீட்டுக்குப் போனேன். காலைக் காபியோடு கூட்டம் நிரம்பியிருந்தது. மச்சினன் சுவரோரம் நின்றான்.

பாறை நன்றாகவே ஆடினான். கழுத்தைத் திருப்பித் திருப்பி, நான் சொன்ன மாதிரியே! ஆறாவது ரவுண்டு வரை புள்ளியில் அவன்தான் முன்னால். ஏழாவதில் இடது காதோரம் இரண்டு விழுந்தது. எட்டாவதில் மூன்று. ஒன்றைக்கூட அவன் பார்க்கவில்லை. கை தூக்கித் தடுக்கவும் இல்லை. ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தவனின் இடது காதோரம் பயிற்சியாளர் விரல்களை நீட்டிப் பார்த்தார். பிறகு நடுவரைக் கூப்பிட்டுக் கையை அசைத்தார். போட்டி முடிந்தது.

"துரோகி! ஜெயிக்கிறவன எறக்கிட்டானே!" எடைமேடைக்காரரே கத்தினார், அவருடைய கட்சி ஜெயித்தும்கூட. கேன்டீன்காரர் டிவியை உடைக்கப் போனார். பாறை பயிற்சியாளரின் கையைத் தட்டிவிட்டு, அவரைப் பார்க்காமலே படி இறங்கினான். நானாக இருந்தாலும் தட்டிவிட்டிருப்பேன். அந்த ஆளின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

நெட்டையன் கட்சியில் கைதட்டாமலும் கத்தாமலும் இருந்தவன் மச்சினன் ஒருவன்தான். தலை குனிந்து நின்றான்.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. இடது ஓரம் போனது போனதுதானாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மிச்சமும் போயிருக்குமாம். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை.

அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, தம்பியை அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் அவனை விட்டுத் தள்ளி முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். கோபம் தீரவில்லை, அதை எழுதி வைக்கிறேன். கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நடைபாதை முழுக்கக் கூட்டம். அவன் எங்கே என்று தெரியவில்லை. கண் கூசியது. போய்விட்டான் என்றே நினைத்தேன். இடப்பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. என் தோளுக்கு ஒட்டித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான், அடிக்கப் போகிறேனோ என்று பயந்தவன்போல.

"இந்தப் பக்கம் வாடா" என்றேன். "அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது."

இதுவரை யாரிடமும் இதை நான் சத்தமாகச் சொன்னதில்லை, அவனிடம் காதில் சொன்னதைத் தவிர. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான்.