மஜீதாவின் நிக்காஹ் காகிதம்

மம்பாவ் எஸ்டேட்,
ஷவ்வால் பிறை 12, 1943

பினாங்கில் இருக்கும் அருமை மகன் மீரானுக்கு உன் உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன்கூடப் பிறந்த ராத்தா மஜீதாவும் நானும் சுகம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். எனக்குத் தமிழ் எழுத வராது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல மஜீதாதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். அவள் சிரித்து இரண்டு வருஷமாயிற்று, அதனால் எழுத்து கோணினாலும் நான் திட்டவில்லை.

உன் ராத்தாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது மகனே. அவள் புருஷன் காதர் மைதீன் சிங்கப்பூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இவளுக்கு ஒரு பிடி அரிசியும் அனுப்பாமல் தலாக்கும் சொல்லாமல் இருந்தது நீ அறிந்ததுதான். போன மாதம், ராசாவில் கடை வைத்திருக்கும் அவர் அண்ணன் மதார் மைதீன் வந்து, தம்பி தலாக் சொல்றவரைக்கும் இவ எங்க வீட்டுப் பொம்பளலா, வந்து வீட்டு வேலையப் பாக்கட்டும் என்றார். நீயும், பொறுமையாக இருங்கள் உம்மா, ஆம்பிளை வாயால் சொல்லாமல் ஒன்றும் நடக்காது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடத்தான் நினைத்தேன், பிள்ளை கையெழுத்தாயிற்றே என்று விட்டேன்.

வேறு வழியில்லாமல் அங்கே அனுப்ப அவள் துணிமணியை எடுத்து வைக்கப் பெட்டியைத் திறந்தால், அடியில் சிரம்பான் காஜியார் கொடுத்த நிக்காஹ் காகிதம். மலாய் பாஷை, அரபு மாதிரியே இருக்கும் ஜாவி எழுத்து. வெறும் சடங்குக் காகிதம் என்று யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. எனக்குக் குர்ஆன் ஓத வரும், கம்போங் மலாய்க்காரப் பெண்களோடு பழகிய மலாயும் வரும், ஜாவியில் நாலைந்து எழுத்துதானே புதுசு என்று எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். பெண்டாட்டியை ஆறு மாதம் செலவுக்குக் கொடுக்காமல் விட்டு, அவள் காஜியாரிடம் முறையிட்டு நிரூபித்தால் ஒரு தலாக் விழும் என்று காதர் மைதீனே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிக்காஹ் அன்றைக்குக் காஜியார் சொல்லிக்கொடுக்க மலாயில் கிளிப்பிள்ளை மாதிரி எதையோ சொன்னாரே, அதுதான் இது. நீங்கள் எல்லாரும் அப்போது பிரியாணி வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சிரம்பானுக்கு நடந்தே போனோம். மதார் மைதீனும் பின்னாலேயே வந்து, ஊர் சிரிக்கும் என்று அதட்டினார். காஜியார் அவரையே சாட்சிக்கு நிறுத்தி, அல்லாஹ் மேல் ஆணையாக உன் தம்பி இவளுக்கு ஏதாவது அனுப்பினானா என்று கேட்டார். தொழுகிற மனிதர், பொய் சொல்ல நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்தபடி, இல்ல துவான், ஒண்ணும் அனுப்பல என்றார். சாட்சிக்கு நாங்கள் கூட்டிப்போன நம் பள்ளிவாசல் மோதினாரும் அதையே சொன்னார். காஜியார் தலாக் காகிதத்தை எழுதி முத்திரை குத்தி மஜீதா கையிலேயே கொடுத்தார். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை, அவள் விறுவிறுவென்று முன்னால் நடக்கிறாள்.

இப்போது பெண்கள் முந்தானையில் தங்கள் நிக்காஹ் காகிதத்தை முடிந்துகொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். நேற்று வந்தது மதார் மைதீனின் பெண்டாட்டி.

மஜீதா மறுமணத்துக்கு முன் மூன்று மாத இத்தா இருக்கிறாள், அதற்குள் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான் என்று மாப்பிள்ளைப் பேச்சை எடுக்காதே, அவளைக் கேட்காமல் இனி ஒன்றும் நடக்காது. மரவள்ளிக்கிழங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு. ஈமானும் நீண்ட ஆயுளும் தந்து அல்லாஹ் உன்னைக் காப்பானாக. ஒன்றை மறக்காதே, துல்ஹஜ் மாதத்தில் உன் நிக்காஹ். காஜியார் மலாயில் சொல்லிக்கொடுக்கும் முன் அந்த நிபந்தனையை நான் தமிழில் எடுத்துச் சொல்வேன், பெண்ணின் காதில் விழும்படி. உனக்குச் சம்மதமில்லை என்றால் இப்போதே எழுது, பெண் வீட்டில் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா சைதூன் பீவி.
கீழே அரபு எழுத்தில் இருப்பது நானே போட்ட கையெழுத்து.